திங்கட்கிழமை மட்டும் எடுக்காத வேன்

வண்டி: 2011 மாடல் டீசல் வேன், 13 பேர் உட்காரலாம். ஒரு தனியார் பள்ளிக்கு ஓடுகிறது. பேட்டரி 12 வோல்ட், 75 ஆம்பியர் ஹவர் (பேட்டரியில் அடங்குகிற கரண்டின் கணக்கு: எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் என்பதன் பெருக்கல்). குறை: திங்கட்கிழமை காலையில் செல்ஃப் எடுக்காது. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை ஒரு குறையும் கிடையாது.

வத்தலக்குண்டு பக்கம் நான் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். பேட்டரி இறங்குகிறது என்று வாரத்துக்கு நாலு வண்டியாவது வரும். அவற்றில் இந்த ஒரு வண்டியை மட்டும் விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. முதல் தடவை நான் பாதி வேலை செய்துவிட்டு முழு வேலை முடிந்தது என்று அனுப்பிவைத்தேன். அந்தப் பாதி எங்கே விட்டுப்போனது என்பதைத் தொழிலில் இருக்கிற மற்றவர்களும், பேட்டரி மாற்றி மாற்றிச் சலித்துப்போன வண்டிக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

நவம்பர் மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வேன் வந்தது. டிரைவர் அண்ணன் சொன்னது இது: "தம்பி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கிண்ணுன்னு எடுக்குது. திங்கக்கிழமை விடியக்காலம் சாவியத் திருப்புனா டக்கு டக்குங்குது, மீட்டர் லைட்டு மங்குது, அம்புட்டுத்தான். ஏழே காலுக்கு மொத ஸ்டாப்புல பிள்ளைக வந்து நிக்கும். டீக்கடையில நிக்கிற ஆளுகளக் கெஞ்சிக் கூட்டியாந்து தள்ளி ஸ்டார்ட் பண்றேன்."

பதினான்கு மாதத்தில் இது மூன்றாவது பேட்டரி. முதலாவது வயதாகிப் போனது, அதில் தப்பில்லை. அடுத்தது எட்டே மாதத்தில் போய், வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது இருப்பதற்கு நாலு மாத வயது. இடையில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றி, புஷ்ஷும் போட்டிருந்தார்கள். மோட்டாருக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். இந்தக் குறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வண்டியோடு இன்னொரு விஷயமும் வந்தது. பள்ளியின் இரவுக் காவலர் அறுபது வயதைத் தாண்டியவர். சனி, ஞாயிறுகளில் அவர் வேனுக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார், அதனால்தான் பேட்டரி இறங்குகிறது என்று பள்ளியில் முடிவு கட்டியிருந்தார்கள். அவரிடமிருந்த மாற்றுச் சாவியை வாங்கிவிட்டார்கள். வாங்கிய பிறகும் இரண்டு திங்கட்கிழமை வண்டி படுத்தது. அப்போதும் பேச்சு ஓயவில்லை. கதவைத் திறந்து உள்லைட்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார் என்று மாறியது. டிரைவர் அண்ணனே அரை மனதாகத்தான் சொன்னார். "அந்த மனுசன் அப்பிடிச் செய்ற ஆளு இல்ல தம்பி. ஆனா வேற என்னன்னு சொல்றது?"

வேற என்ன என்று சொல்ல வேண்டியது என் வேலை.

முதல் தடவை பார்த்தது

டெர்மினலில் நீலமும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மாட்டியபின் வாசலின் தடவினேன். இந்தப் பூப்பே சில வண்டிகளில் முழுக்காரணமாக இருக்கும். ஆனால் அப்படி இருந்தால் குறை எல்லா நாளும் வரும், திங்கட்கிழமை மட்டும் வராது.

அடுத்து ஹைட்ரோமீட்டர், பேட்டரிக்குள் இருக்கிற ஆசிட்டின் அடர்த்தியை, அதாவது கிராவிட்டியை அளக்கிற கருவி. பூட்டிய பேட்டரி இல்லை, மூடி திறக்கிற ரகம் என்பது நல்லதாய்ப் போயிற்று. ஆறு செல்லிலும் கிராவிட்டி 1200-க்கும் 1210-க்கும் நடுவில் இருந்தது. முழு சார்ஜில் நம் ஊர் வெயிலுக்கு விற்கிற பேட்டரிகள் 1240 முதல் 1260 வரை காட்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆறில் ஒரு செல் மட்டும் 1120, 1130 என்று விழுந்து, மற்ற ஐந்தும் நன்றாக இருந்தால் பேட்டரிக்குள்ளேயே கோளாறு, மாற்றத்தான் வேண்டும். ஆறும் ஒன்றுபோல இறங்கியிருந்தால் பேட்டரி மேல் குற்றமில்லை. அதற்குள் போக வேண்டிய கரண்ட் போகவில்லை, அல்லது உள்ளே இருந்ததை வெளியில் எதுவோ குடித்துவிட்டது. வாரண்டியில் போன பேட்டரியிலும் யாராவது இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இரவு முழுக்க மெதுவாக சார்ஜ் ஏற்றினேன். காலையில் சார்ஜரைக் கழற்றி, ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு அளந்தேன். 12.66 வோல்ட். ஹெட்லைட் போடுவது எதற்கென்றால், சார்ஜரிலிருந்து இறக்கியவுடன் தகட்டின் மேல்பரப்பில் நிற்கிற மேலோட்டமான சார்ஜ் 13 வோல்ட்கூடக் காட்டி ஏமாற்றும். அதை எரித்துவிட்டால்தான் உண்மை தெரியும். ஆறிய நிலையில் 12.6-க்கு மேல் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 என்றால் கால்வாசிதான். இந்த நாலு எண்ணை மட்டும் ஒருவர் மனப்பாடமாக வைத்திருந்தாலே பேட்டரி விஷயத்தில் பாதி ஏமாற்றம் குறையும்.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.1 வோல்ட் வரை இறங்கியது. 9.6-க்குக் கீழே போகாதவரை பயமில்லை. பேட்டரி மைனஸை வண்டியின் பாடியோடு சேர்க்கிற எர்த் பட்டையில் செல்ஃப் அடிக்கிற நேரத்து இழப்பு 0.15 வோல்ட், அதுவும் சரி. வண்டி ஓடும்போது சார்ஜிங் 14.2. ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் போட்டால் 13.9. வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரை எங்கள் பட்டறையில் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வோம். 'டைனமோ நல்லா இருக்கு' என்று நானே சொல்லிக்கொண்டு அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஆக, பேட்டரி சரி, சார்ஜிங் சரி, செல்ஃப் சரி. மிச்சம் ஒன்றுதான். சாவியை எடுத்தபிறகும் எதுவோ கரண்ட் இழுக்கிறது.

இதைத் தேட இரண்டு வழி உண்டு. ஒன்று, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்து மொத்தமாக எவ்வளவு போகிறது என்று பார்ப்பது. இன்னொன்று, எதையும் கழற்றாமல் ஒவ்வொரு ஃப்யூஸின் முதுகிலும் இருக்கிற இரண்டு சிறு துளைகளில் மீட்டர் முனைகளை வைத்து மில்லிவோல்ட் பார்ப்பது. ஃப்யூஸும் ஒரு கம்பிதானே. அதன் வழியாகக் கரண்ட் ஓடினால் இரண்டு முனைக்கும் நடுவில் சிறிதளவு வோல்ட் இருந்தே தீரும். 10 ஆம்பியர் ஃப்யூஸின் தடை 7, 8 மில்லி ஓம்தான். எனவே 2.3 மில்லிவோல்ட் தெரிந்தால் ஏறக்குறைய 0.3 ஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம்.

அன்று என் மீட்டரின் 10 ஆம்பியர் ஃப்யூஸ் போயிருந்தது. கடையில் மாற்று இல்லை. அதனால் முதல் வழியை விட்டுவிட்டு இரண்டாவது வழிக்குப் போனேன். அது மோசமான வழி இல்லை. புதிய வண்டிகளில், கம்ப்யூட்டர் பெட்டிகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பாமல் பார்க்க அதுதான் நல்ல வழி. தப்பு அந்த வழியில் இல்லை, அதோடு நான் நிறுத்திக்கொண்டதில் இருந்தது.

வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனதில் ரேடியோ ஃப்யூஸில் 2.4 மில்லிவோல்ட் காட்டியது. அந்த வண்டியில் ரேடியோ என்று எதுவும் இல்லை. அந்த லைனில் கேமராப் பெட்டியை மாட்டியிருந்தார்கள். தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று 2012-இல் தனி விதிகள் வந்தன. 2022-இல் முன்னும் பின்னும் கேமராவும், பின்னால் சென்சாரும் கட்டாயம் என்று திருத்தினார்கள். நல்ல விஷயம். குழந்தைகள் உயிரைப் பலி கொடுத்துத்தான் அந்த விதிகள் வந்தன, அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாட்டுகிறவர் சரியாக மாட்ட வேண்டும். இது மாதிரிப் பெட்டிகளில் மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டியது, நினைவுக்கு மட்டும். சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் உயிர் வர வேண்டியது. இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். திரை இருட்டாகத்தான் இருக்கும், பார்க்கிறவருக்கு எல்லாம் அணைந்த மாதிரி தெரியும். உள்ளே பெட்டி சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

வயரைப் பிரித்து, சிவப்பைச் சாவி லைனில் ஃப்யூஸோடு சேர்த்தேன். திரும்ப அளந்தால் ரேடியோ ஃப்யூஸில் பூஜ்யம். மற்ற ஃப்யூஸ்களில் ஜி.பி.எஸ். கருவியின் லைனில் மட்டும் அசைந்தும் அசையாத ஒரு எண். அது இருக்க வேண்டியதுதான். வண்டி நிற்கும்போதும் எங்கே நிற்கிறது என்று அது சொல்லியாக வேண்டும்.

டிரைவர் அண்ணனிடம் "கெடச்சிருச்சுண்ணே, இனி வராது" என்றேன். காவலர் மேல் தப்பில்லை, கேமரா வயரிங்தான் என்று பள்ளியில் சொல்லச் சொன்னேன். அவர் போனிலேயே சொல்லிவிட்டார்.

திரும்பவும் திங்கட்கிழமை

முதல் திங்கள் எடுத்துவிட்டது. கொஞ்சம் சோம்பலாகச் சுற்றித்தான் எடுத்தது என்று பிறகு விசாரித்தபோது தெரிந்தது. இரண்டாவது திங்கள் காலை ஆறே முக்காலுக்குப் போன் வந்தது. எடுக்கவில்லை.

அந்தக் காலை எனக்கு மறக்காது. வண்டி எடுக்கவில்லை என்பது ஒரு பக்கம். நான் சொன்ன பிறகும் எடுக்கவில்லை என்றால், பள்ளியில் அந்தக் காவலரைத்தானே திரும்பவும் பார்ப்பார்கள்? நான் அளந்து சொன்னேன் என்ற தைரியத்தில் அவர் பேசியிருப்பார். என் அளவு அரைகுறை என்றால் அவருடைய பேச்சும் அரைகுறையாகிப்போகும். பைக்கில் ஜம்பர் கேபிளைக் கட்டிக்கொண்டு போய் வண்டியை எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வேனைப் பட்டறைக்குக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள், திங்கள் காலை வரை என்னிடமே நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அன்றே மீட்டருக்கு இரண்டு ஃப்யூஸ் வாங்கினேன்.

வெள்ளி மாலை ஆறு மணிக்கு வேன் வந்தது. அன்று இரவு எதையும் தொடவில்லை. பள்ளியில் எப்படி நிற்குமோ அப்படியே நிற்கட்டும் என்று கதவை மட்டும் பூட்டினேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. மைனஸ் டெர்மினலுக்கும் அதன் கிளாம்புக்கும் நடுவில் முதலில் ஒரு வயரைப் போட்டு இணைத்துவிட்டு, அதன் பிறகு கிளாம்பைக் கழற்றினேன். மீட்டரை 10 ஆம்பியர் துளையில் குத்தி அதே இடத்தில் இணைத்து, கடைசியில் அந்த வயரை எடுத்தேன். இப்படிச் செய்தால் இணைப்பு ஒரு கணமும் அறாது. அறுந்து சேர்ந்தால் சில வண்டிகளில் பெட்டிகள் விழித்துக்கொண்டு அரை மணி நேரம் தூங்காமல் தப்பான எண் காட்டும். மீட்டர் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது என்று பையனிடம் இரண்டு தடவை சொன்னேன். செல்ஃப் இழுக்கிற இருநூறு, முந்நூறு ஆம்பியரை இந்த மீட்டர் தாங்காது.

மீட்டர் காட்டியது 0.47 ஆம்பியர்.

ஒரு வண்டி சும்மா நிற்கும்போது 0.05 ஆம்பியருக்குள் இழுத்தால் ஏற்றுக்கொள்ளலாம். இது ஒன்பது மடங்குக்கு மேல். நான் சரிசெய்து அனுப்பிய வண்டி.

ஃப்யூஸ்களில் மில்லிவோல்ட் பார்த்தேன். எல்லாம் பூஜ்யம், ஜி.பி.எஸ். லைன் தவிர. நம்பிக்கை வராமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஹாரன், இண்டிகேட்டர், ஹெட்லைட் இடது, வலது, உள்லைட், வைப்பர் என்று போய், ஜி.பி.எஸ்ஸைப் பிடுங்கியபோது 0.47 என்பது 0.44 ஆனது. பெட்டியில் ஒரு ஃப்யூஸ்கூட மிச்சமில்லை, ரிலேக்களும் வெளியே வந்தாகிவிட்டது. 0.44 அசையவில்லை.

இந்த இடத்தில்தான் முதல் தடவை விட்டது என்ன என்று விளங்கியது. ஃப்யூஸ் பெட்டியை மட்டும் பார்ப்பது, வீட்டில் பண்டம் குறைகிறது என்று வாசல் கதவை மட்டும் காவல் காப்பது போல. கொல்லைக் கதவு ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி வண்டிகளில் ஃப்யூஸ் பெட்டிக்குள் வராமலே பேட்டரியோடு நேராகச் சேர்ந்திருக்கிற தடித்த வயர்கள் இரண்டு. ஒன்று செல்ஃப் மோட்டாருக்குப் போவது. இன்னொன்று டைனமோவின் பின்னால் பி பிளஸ் முனையில் முடிவது. சாவி இருந்தாலும் எடுத்தாலும் இந்த இரண்டிலும் எப்போதும் உயிர் உண்டு.

மீட்டருக்குக் கை கொடுத்தது கை. என்ஜினைத் தொட்டேன், இரவு முழுக்க நின்றதில் சில்லென்று இருந்தது. செல்ஃப் மோட்டாரும் அப்படியே. டைனமோவின் பின்மூடியில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பதின்மூன்று மணி நேரமாக ஓடாத டைனமோ. 0.44 ஆம்பியரை 12.5 வோல்ட்டால் பெருக்கினால் ஐந்தரை வாட் வருகிறது. இண்டிகேட்டர் பக்கத்து சிறு பல்பு ஒன்று இரவெல்லாம் அந்த மூடிக்குள் எரிந்த அளவு சூடு.

பேட்டரி மைனஸை முழுக்கக் கழற்றினேன். பி பிளஸில் கை வைக்குமுன் இதைச் செய்யாதவர்கள் ஸ்பேனர் பாடியில் பட்டுக் கையைச் சுட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். நட்டைக் கழற்றி, வயர் நுனியில் டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, மைனஸை மீட்டர் வழியாகத் திரும்பச் சேர்த்தேன். 0.00. ஃப்யூஸ்களை எல்லாம் போட்டேன். 0.03.

டைனமோவுக்குள்

14.2 வோல்ட் சார்ஜ் கொடுக்கிற டைனமோ எப்படித் திருடும் என்பது நியாயமான கேள்வி. டைனமோவுக்குள் உண்டாவது திசை மாறி மாறி ஓடுகிற ஏசி கரண்ட். அதை ஒரே திசையில் ஓடுகிற டிசியாக்கி பேட்டரிக்கு அனுப்ப ஆறு பெரிய டையோடுகள் உண்டு. அவற்றோடு, உள்ளே சுழல்கிற ரோட்டர் என்ற சுருளுக்குக் கரண்ட் கொடுக்க மூன்று சிறிய டையோடுகள். டையோடின் வேலை ஒருவழிப் பாதை. டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகலாம், பேட்டரியிலிருந்து திரும்பி வரக் கூடாது. பிளஸ் பக்கத்து டையோடு ஒன்று பழுதாகி லேசாகக் கசிய ஆரம்பித்தால், வண்டி நிற்கும்போது பேட்டரியின் கரண்ட் அதன் வழியே உள்ளே இறங்கி, சுழலாமல் நிற்கிற வெளிச்சுருளுக்குள் போய், சிறிய டையோடுகள் வழியாக ரோட்டரையும் வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரையும் அடைந்து எர்த்தில் போய்ச் சேரும். ஓடும்போது டைனமோ தருகிற ஐம்பது, அறுபது ஆம்பியரில் இந்த அரை ஆம்பியர் இழப்பு கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் 14.2 காட்டியது.

டையோடு போனால் ஓடும் வண்டியில் மீட்டரை ஏசியில் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று பலரும் சொல்வார்கள். கழற்றுமுன் அதையும் பார்த்தேன். 0.04 வோல்ட், சந்தேகப்படும்படி இல்லை. முழுக்க ஷார்ட் ஆன டையோடையும் முழுக்க அறுந்த டையோடையும் அந்தச் சோதனை பிடித்துக்கொடுக்கும். லேசாகக் கசிகிற டையோடு அதில் தப்பிவிடும். ஏசி சோதனையில் தேறிவிட்டது என்பதால் டைனமோவை விட்டுவிடாதீர்கள் என்று இந்தத் தொழிலில் இருக்கிற தம்பிகளுக்கு அழுத்திச் சொல்கிறேன்.

டைனமோவை இறக்கி டையோடு பிளேட்டைத் தனியாக எடுத்தேன். மீட்டரின் டையோடு சோதனையில் ஆறும் நல்லது என்றே காட்டின. அந்த மீட்டர் கொடுப்பது இரண்டு, மூன்று வோல்ட். பன்னிரண்டு வோல்ட்டின் அழுத்தத்தில் டையோடு எப்படி நடந்துகொள்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு பேட்டரியையும் 5 வாட் பல்பையும் வைத்து ஒவ்வொரு டையோடுக்கும் தலைகீழாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். ஐந்தில் பல்பு கறுப்பு. பிளஸ் பக்கம் நடு டையோடில் பல்பின் இழை மங்கலாக, அடுப்பில் அணையப்போகிற கங்கு போலச் சிவந்தது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாலிடரிங் அயர்னைப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றியதும் இழை இன்னும் பிரகாசமானது. சூடு ஏற ஏற டையோடின் கசிவு கூடும்.

புது டையோடு பிளேட் போட்டேன். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, அதையும் ரெகுலேட்டரோடு மாற்றிவிட்டேன். பேரிங் சத்தமில்லை, அப்படியே விட்டேன். கூலியோடு சேர்த்து ஆன செலவு ஒரு பேட்டரி விலையில் பாதிகூட இல்லை.

மாட்டிய பின் அளந்தது மூன்று தடவை. குளிர்ந்த நிலையில் 0.03. ஹெட்லைட்டைப் போட்டு என்ஜினை அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்தவுடன், டைனமோ கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது 0.03. ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு நாளுக்கு மேல் நின்றபிறகு 0.03. சூட்டில் அளக்காமல் அனுப்பியிருந்தால் திரும்பவும் பாதி வேலைதான்.

ஏன் திங்கட்கிழமை மட்டும்

வெள்ளி மாலை ஆறிலிருந்து திங்கள் காலை ஆறு வரை 60 மணி நேரம். முதன்முதலில் வந்தபோது கேமரா 0.31, டைனமோ 0.44, ஜி.பி.எஸ். முதலானவை 0.03, ஆக 0.78 ஆம்பியர். அறுபது மணி நேரத்துக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட 47 ஆம்பியர் ஹவர். 75-இல் 47 போனால் டீசல் என்ஜினைச் சுற்றத் தெம்பு இருக்காது. வார நாளில் ஓர் இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஒன்பதரை ஆம்பியர் ஹவர்தான் போகும். காலை டிரிப்பும் மாலை டிரிப்பும் ஓடும்போது அது திரும்ப ஏறிவிடும். அதனால் செவ்வாய் முதல் வெள்ளி வரை எவருக்கும் எதுவும் தெரியவில்லை.

கேமராவைச் சரிசெய்த பின் மிஞ்சியது 0.47. அறுபது மணி நேரத்துக்கு 28 ஆம்பியர் ஹவர். புது பேட்டரி என்றால் இதைத் தாங்கி எடுத்துவிடும். ஆனால் நாலு மாதமாக வாரா வாரம் அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரி பேரில்தான் 75. தகட்டின் மேல் படிகிற ஈய சல்பேட்டை உடனே சார்ஜ் ஏற்றினால் கரைத்துவிடலாம். நாள் கணக்கில் விட்டால் அது கெட்டிப்பட்டு, தகட்டின் அந்தப் பகுதி வேலைக்கு உதவாமல் போகும். என் கணிப்பில் அந்த பேட்டரியில் அப்போது நாற்பது, நாற்பத்தைந்துக்கு மேல் இருந்திருக்காது. அதனால்தான் முதல் திங்கள் சோம்பலாக எடுத்து இரண்டாவது திங்கள் படுத்தது. எட்டு மாதத்தில் போன முந்தின பேட்டரியும் இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

இந்த பேட்டரியை என்ன செய்வது என்று பள்ளியில் கேட்டார்கள். மாற்றச் சொல்லவில்லை. டிஸ்டில்டு வாட்டர் சரிபார்த்து, 7 ஆம்பியரில் மெதுவாக ஏற்றி, பிறகு குறைந்த கரண்டில் நெடுநேரம் விட்டேன். ஐந்து செல் 1240-க்கு வந்தது. ஒன்று 1225-இலேயே நின்றுவிட்டது. அந்த ஒரு செல்லைக் கவனித்துக்கொள்ள வேண்டும், மே மாதம் ஆர்.டி.ஓ. ஆய்வுக்கு முன் திரும்பக் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். கோடை விடுமுறையில் வண்டி ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும், அப்போது மைனஸைக் கழற்றி வைப்பதுதான் நல்லது என்றும் சொன்னேன்.

பள்ளிக்கு நானே போனேன். மீட்டரில் வந்த எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய் அலுவலகத்தில் கொடுத்தேன். சாவி யாரிடம் இருந்தாலும், உள்ளே யார் உட்கார்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் 0.78 போய்க்கொண்டேதான் இருந்திருக்கும் என்று விளக்கினேன். அவர்கள் வருத்தப்பட்டார்கள். அன்றே சாவியைக் காவலரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்தபோது வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, "இதுக்குள்ளயா தம்பி இருந்துச்சு?" என்று டைனமோவைக் காட்டச் சொன்னார். பானெட்டைத் திறந்து காட்டினேன்.

டேஷ்போர்டில் சிறிய டிஜிட்டல் வோல்ட் மீட்டர் ஒன்றை மாட்டியிருந்தேன், அமுக்கினால் மட்டும் எரிகிற சுவிட்சோடு. 12.4-க்குக் கீழே வந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அரையாண்டு விடுமுறையில் வேன் ஒன்பது நாள் அசையாமல் நின்றது. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் இரவு எட்டரைக்குப் போன் அடித்தது.

"தம்பி, நான் வாட்ச்மேன் பேசுறேன். பன்னெண்டு புள்ளி அஞ்சு ஒண்ணு காட்டுது. சும்மா, சொல்லணும்னு தோணுச்சு."